இல்லாத லாரிகளின் வரிசை

இல்லாத லாரியை இல்லாத கேட்டில் நிறுத்தி, அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். சிமுலேஷன் என்று பெயர். யார்டோ, ஆஸ்பத்திரியோ, ஐஸ் ஃபேக்டரியோ, நிஜத்தில் எதையும் இடிக்காமல், கட்டாமல், கம்ப்யூட்டருக்குள்ளேயே அதை நடத்திப் பார்த்து, இதை மாற்றினால் இப்படி ஆகும் என்று சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் இதை நானும் காதர் காக்காவும் சேர்ந்து செய்கிறோம். அவர் காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பல வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று ஊருக்கு வந்தவர். வெயிலுக்குப் பயந்து தூத்துக்குடிக்கு வந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். நான் புள்ளியியல் படித்தவள். ஒரு மக்ரூன் கடையின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். கீழே முந்திரி வாசனை, மேலே நாங்கள்.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் என் சக ஜீவன்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்குப் போடுவது பெரிய பாடே இல்லை. போட்ட கணக்கை அடுத்தவர் கையில் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் நமக்கு மூச்சு வாங்கும். கீழே சொல்லியிருப்பதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

மாமியார் கொடுத்த விளக்கம்

கல்யாணமான புதிதில், திரேஸ்புரத்தில் என் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "மருமவ என்ன வேலை பாக்கா?" மாமியார் என்னைப் பார்ப்பார். நான் ஆரம்பிப்பேன். "எத்தனை லாரி எப்பெப்போ வரும்னு கம்ப்யூட்டர்ல சீட்டுக் குலுக்குத மாதிரி குலுக்கி, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாப்போம். ஒரு நாள் பத்தாதுல்லா, அதனால அதையே நூறு தடவை குலுக்கி நூறு நாள் ஓட்டுவோம்." கேட்டவர் காபி தம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கீழவைப்பாரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது மறுபடி அதே கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். எங்கள் வீட்டில் யாரும் ஜாதகம் பார்க்கிற வழக்கமில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னது இதுதான்: "அவ லாரிக்கு ஜாதகம் பாக்குதா. மனுசருக்குப் பாக்க மாட்டா, கேக்காதீங்க."

முதலில் வந்த எண்

துறைமுகம் போகும் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு. அண்ணன் ஜெயபாண்டியன், தம்பி தனபாலன் என்று இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது. கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி மெயின் ரோடு வரைக்கும் வந்துவிடும். ஒரு நாள் காலையில், அந்த வரிசையைச் சுற்றிப் போகப் பார்த்த ஸ்கூல் வேன் ஒன்றை எதிரே வந்த லாரி உரசிவிட்டது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் தம்பி இருவரும் அன்றைக்கு நேரில் போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். எப்படியாவது வரிசையை ரோட்டிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

யார்டு மேனேஜர் வில்சனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் கட்டிய மாடல் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தடவை ஓட்டினேன். கேட்டில் சராசரிக் காத்திருப்பு பதினொரு நிமிஷம் என்று வந்தது. வில்சன் உடனே போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். மறுபடி ஓட்டினேன். முப்பத்தெட்டு. அவர் முகம் வாடிவிட்டது. "முதல்ல வந்தது ஒரு நாள் சார், இது இன்னொரு நாள். நூறு நாள் ஓட்டி, சராசரி எவ்வளவு, அது எவ்வளவு தூரம் ஆடுதுன்னு ரெண்டையும் பாத்துத்தான் சொல்லணும். ஒரே ஒரு நாள் ஏலத்துக்குப் போய்ட்டு வந்து, சீலா மீன் விலை இதுதான்னு ஊருக்குச் சொல்ல முடியுமா?" என்றேன். நியாயம்தான் என்று முழு மனதாக ஒத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் சரி மேடம். ஆனா முதல்ல வந்த நம்பர் எனக்குப் பிடிச்சுப்போச்சு. அதையே வச்சுக்கிடலாமே."

ஸ்டாப்வாட்சுக்கு மரியாதை

ஆறு நிமிஷத்துக்கு ஒரு லாரி வருகிறது, ஒரு லாரியை உள்ளே விட ஐந்து நிமிஷம் ஆகிறது என்று யார்டில் விவரம் தந்தார்கள். இதை அப்படியே மாடலில் போட்டால் வரிசையே வராது. வெளியே எட்டிப் பார்த்தால் வரிசை நிற்கிறது. சராசரியை மட்டும் நம்பினால் இதுதான் கதி. லாரி ஆறு நிமிஷம் பார்த்து வருவதில்லை, கொத்தாக வருகிறது. ஒருத்தர் பேப்பர் சரியாக இருக்கும், அடுத்தவருக்குக் கன்டெய்னர் சீல் நம்பர் பொருந்தாது. அந்த ஏற்ற இறக்கத்தை அளக்க வேண்டும் என்று ஸ்டாப்வாட்சோடு கேட்டில் போய் உட்கார்ந்தேன்.

கேட் கிளார்க் சுடலைமணிக்கு என்னைப் பார்த்ததும் உடம்பில் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிட்டது. டீ வந்து ஆறிப்போனது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. லாரிகள் பறந்தன. மத்தியானத்துக்குள் வரிசையைக் காணோம். நான் எழுதியதெல்லாம் கேட்டின் வேகம் இல்லை, சுடலைமணியின் மரியாதை. அதனால் மறுநாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஸ்டாப்வாட்சைத் துப்பட்டாவுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஒரு லாரியின் பேப்பரைப் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் மகளின் நர்சிங் அட்மிஷனைப் பற்றி அவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். அந்த நிமிஷத்திலிருந்து வந்த விவரம்தான் நிஜமான விவரம்.

வேலை முடிந்து கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். "நீங்க வந்த முத நாள் மாதிரி தெனமும் வேலை பாத்தா என் இடுப்பு போயிரும்க்கா. அந்த ஒரு நாளை மட்டும் கணக்குல சேத்துராதீங்க."

காலி யார்டு

கம்ப்யூட்டரில் மாடல் ஓட ஆரம்பிக்கும்போது யார்டு காலியாக இருக்கும். முதல் லாரிக்கு ராஜ மரியாதை. கேட் சும்மா இருக்கும், கிரேன் சும்மா இருக்கும். ஆனால் நிஜ யார்டு ராத்திரி பகலாக ஓடுவது, ஒரு நாளும் காலியானதில்லை. அதனால் ஆரம்பத்தில் ஓடிய சில நாட்களின் கணக்கை எடுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத்தான் சேர்த்துக்கொள்வோம்.

பெரிய அண்ணாச்சி ஜெயபாண்டியனுக்கு இது பொறுக்கவில்லை. வந்த கவரைத் திருப்பி ஒட்டி மறுபடி அனுப்புகிற மனுஷர். "ஓட்டுன நாளை எதுக்கும்மா வீணாத் தூக்கிப் போடுதீங்க?" என்றார். காதர் காக்கா திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். முதலில் ஏறிக்கொண்டே போய், பிறகு ஒரு மட்டத்தில் நின்று மேலும் கீழும் ஆடுகிற கோடு. "ஏறுத வரைக்கும் யார்டு நிரம்பிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. இதுக்குப் பொறவுதான் உங்க யார்டு." அண்ணாச்சி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அதாவது, பரோட்டாக் கடை திறக்கையில முத ஆளாப் போனவன்ட்ட கூட்டம் எப்படின்னு கேக்கக் கூடாது. அப்போ அவன்தான் கூட்டம்."

வேப்பமரம்

மாடல் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது எங்கள் தொழிலில் பெரிய கட்டம். கேமராவில் பதிவான வரிசையையும் மாடலில் வந்த வரிசையையும் மணிக்கு மணி பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நன்றாகவே ஒத்துப்போயிற்று. ஆசையாக அதைக் காட்டினால், பெரிய அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பொம்மை லாரிகள் ஊர்ந்து போகிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட் பக்கத்துல வேப்பமரம் எங்க?" என்றார்.

"மரத்தால வரிசை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது அண்ணாச்சி" என்றார் காதர் காக்கா. "அது எனக்கும் தெரியும். ஆனா மரம் இல்லன்னா அது என் கேட் இல்லையே" என்று எழுந்து போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் அவர் வந்தபோது கேட் ஓரமாகப் பச்சையாய் ஒரு மரம் நின்றது. கொஞ்சம் குட்டையாக, பூசணிக்காய் மாதிரி இருந்தது, ஆனாலும் மரம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போ சொல்லுங்க, எவ்வளவு நேரம் நிக்கான்னு. இப்போ சொன்னா நம்புவேன்."

கூட்டினால் ஐந்து

கம்ப்யூட்டர் குலுக்கும் சீட்டுக்கு ஒரு ஆரம்ப எண் வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே நாட்கள் திரும்ப வரும், வேறு எண் கொடுத்தால் வேறு நாட்கள். பின்னால் யாராவது சரிபார்க்க வேண்டுமென்றால் வசதியாக இருக்கட்டும் என்று அதை எழுதி வைத்துவிடுவோம். இதைச் சின்ன அண்ணாச்சி தனபாலனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர், எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வார். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அப்போ கூட்டுனா அஞ்சு வருத மாதிரி ஒரு நம்பர் போடலாமா?" என்று கேட்டார்.

நான் காதர் காக்காவைப் பார்த்தேன். காதர் காக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரிசல்ட்டைப் பாத்த பொறவு நம்பரை மாத்தச் சொல்லுவீங்களா?" மாட்டேன் என்றார் அவர். "அப்போ தாராளமாப் போடலாம்." அதில் ஒரு தப்பும் இல்லை. எந்த எண்ணில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். பிடித்த பதில் வருகிற வரைக்கும் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தப்பு. சின்ன அண்ணாச்சிக்குத் திருப்தி. படியிறங்கும்போது மட்டும் திரும்பி நின்று சொன்னார்: "அண்ணனுக்கு ராசி ஏழு. தெரிஞ்சா இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுவாரு."

அண்ணன் திட்டம், தம்பி திட்டம்

வரிசையைக் குறைக்க இரண்டாவது கேட் கட்ட வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். கேட்டெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு லாரியும் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று போனிலேயே முன்பதிவு செய்தால் போதும் என்பது தம்பியின் திட்டம். வேனை லாரி உரசிய நாளிலிருந்து இதைத்தான் பேசினார்கள். பேசிப் பேசி, கடைசியில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரே அறையில் இரண்டு மேஜை. "அண்ணன்ட்ட சொல்லுங்க", "தம்பிட்ட கேளுங்க" என்று நடுவில் வில்சன்தான் தபால்காரர். எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து மாடலை ஓட்டப் பழகிக்கொண்ட வில்சன், அண்ணன் திட்டத்தைச் சில நாட்கள் ஓட்டி, நல்ல முடிவு வந்ததும் அவரிடம் கொடுத்தார். தம்பி திட்டத்தை வேறு சில நாட்கள் ஓட்டி, நல்ல முடிவு வந்ததும் அவரிடம் கொடுத்தார். இருவரையும் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பேப்பரோடு எங்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு பேப்பரிலும் அவரவர் ஜெயித்திருந்தார்கள்.

"ஒருத்தர் திட்டத்துக்கு லேசான நாள் விழுந்திருக்கும், இன்னொருத்தருக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். எதோட எதை ஒப்பிடுதது?" என்றார் காதர் காக்கா. அதே லாரிகள், அதே நேரத்தில், அதே கோளாறுகளோடு இரண்டு திட்டத்துக்கும் வர வேண்டும். அப்போதுதான் தெரிகிற வித்தியாசம் திட்டத்தின் வித்தியாசம். போர்டில் ஒரு சதுரம் வரைந்து நாலு மூலைக்கும் பெயர் எழுதினார். இப்போது இருப்பது போல, கேட் மட்டும், முன்பதிவு மட்டும், இரண்டும். நாலாவது மூலையை இதுவரை யாரும் ஓட்டச் சொல்லவில்லை. அதை ஓட்டச் சொல்ல இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டுமே.

ஒரு வாரம் கழித்து முடிவைக் காட்டினோம். கேட் மட்டும் கட்டினால் கொஞ்சம்தான் குறைந்தது. லாரிகள் கொத்தாக வரும்போது இரண்டு கேட்டும் திணறின, பிறகு இரண்டும் சும்மா கிடந்தன. முன்பதிவு மட்டும் என்றாலும் கொஞ்சம்தான். ஒரு லாரியின் பேப்பர் சிக்கினால் பின்னால் நேரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்தபோது, ஏறக்குறைய எல்லா நாளிலும் ரோடு காலியாக இருந்தது. ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் வருவதைவிட எவ்வளவோ அதிகம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வில்சன் தன் கடமையைச் செய்யத் தயாராக இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் அவரைத் தாண்டித் தம்பியிடம் கேட்டார். "அந்த முன்பதிவு, நம்ம டிரைவர்மாரு எல்லாரும் போன்ல செஞ்சிருவாங்களாலே?" சின்னவர் திரும்பினார். "செஞ்சிருவாங்கண்ணே. நான் சொல்லிக் கொடுக்கேன்."

இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் மட்டும் திரும்பி ஏறி வந்தார். "ரிப்போர்ட்டுல தம்பி சொன்னது சரின்னு எழுதாதீங்கம்மா. நான் சொன்னது சரின்னும் எழுத வேண்டாம். ரெண்டும் சேந்தா சரின்னு எழுதுங்க, அது போதும்."

கடைசி பஸ்

கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று ஷிஃப்ட். அதைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் எமிலி, இன்னொரு மெஷின் வாங்கினால் நல்லதா என்று கேட்டு வந்தார். மாடல் கட்டி ஓட்டினோம். சராசரிக் காத்திருப்பு ரொம்பக் குறைவுதான், ஒன்றும் பயமில்லை என்று சொன்னேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "சராசரியாக் காத்திருக்கிற பேஷன்ட் யாரும் எங்கிட்ட வாரதில்ல ஜெனி. மரியதாஸ்தான் வாராரு" என்றார்.

மரியதாஸ் கீழவைப்பாரைச் சேர்ந்தவர். கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர், இப்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அவருக்குச் சாயங்கால ஷிஃப்ட். முன்னால் யாருக்காவது பிரஷர் இறங்கி அரை மணி தாமதமானால், அது கடைசியில் அவர் தலையில் வந்து விழும். ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். டயாலிசிஸ் முடிந்த உடம்போடு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்துக் கிடந்துவிட்டு, விடிந்த பிறகு வீட்டுக்குப் போவார். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டோம். சராசரி வேண்டாம், கடைசி பஸ்ஸை விடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தோம். எப்போதாவது நடக்கிற விஷயம், நூறு நாள் ஓட்டினால் ஒருசில தடவைதான் அகப்படும். அதை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் ஓட்டினோம். புது மெஷின் சராசரியைத்தான் குறைத்தது, பஸ்ஸை விடுகிறவர்கள் அவ்வளவாகக் குறையவில்லை. தூரத்து ஊர்க்காரர்களை மத்தியானத்துக்கும் டவுன்காரர்களைச் சாயங்காலத்துக்கும் மாற்றியபோது, பஸ்ஸை விடுகிறவர் அநேகமாக யாருமே இல்லை.

டவுன்காரர்கள் எல்லாரும் உடனே சம்மதிக்கவில்லை. சிஸ்டர் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது மரியதாஸ் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில். இப்போ எப்படி இருக்கு அண்ணாச்சி என்று கேட்டேன். "வெளிச்சத்துலயே வீட்டுக்கு வந்துருதேன்னு வீட்டுக்காரி சண்டைக்கு வாரா. சமைச்சு முடிக்கலியாம்."

பெரிய அண்ணாச்சியின் போன்

யார்டில் கேட்டும் கட்டியாயிற்று, முன்பதிவும் வந்தாயிற்று. மாதக்கணக்கில் எங்களுக்கு ஒரு போனும் வரவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒரு நாள் காலையில் பெரிய அண்ணாச்சியிடமிருந்து போன். கிரேன் நின்றுபோய் வரிசை மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டதாம். சின்னவர் ரோட்டில் நின்று வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாராம்.

காதர் காக்கா பதறவில்லை. "ரோட்டுக்கு வரவே வராதுன்னு நாங்க சொல்லலையே அண்ணாச்சி. எரநூறு நாள்ல ஒரு நாள் வரலாம்னு ரிப்போர்ட்டுலயே எழுதியிருக்கோம்லா" என்றார். அந்தப் பக்கம் லாரி ஹாரனுக்கு நடுவே அண்ணாச்சியின் குரல் கேட்டது. "எழுதியிருக்கீங்க. அது எந்த நாள்னு எழுதலையே."

ஆயிரம் நாளை ஒரு மத்தியானத்துக்குள் ஓட்டி முடித்துவிடுகிற எங்களிடம் எல்லாரும் கேட்பது நாளைக்கு வரப்போகும் அந்த ஒரே நாளைப் பற்றித்தான், எங்களுக்குத் தெரியாததும் அது ஒன்றுதான்.